சுதந்திரச் செய்தியைத் தமிழில் வாசித்த குரல்... 'மகாநதி' பெரியவர் பூர்ணம் விஸ்வநாதன் யார் தெரியுமா?

'மகாநதி' படத்தில் கமலோடு சிறையில் இருக்கும் பஞ்சாபகேசனை நினைவிருக்கிறதா? 'வருஷம் 16' படத்தில் அந்தப் பெரிய வீட்டுத் தாத்தா? 'ஆசை' படத்தில் இரண்டு பெண்களைப் பெற்ற அப்பா? முகம் உடனே ஞாபகம் வரும். பெயர் கேட்டால்தான் பலரும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

பெயர், பூர்ணம் விஸ்வநாதன். தமிழ் சினிமாவின் அப்பா, தாத்தா, ஹெட்மாஸ்டர் என்று நமக்கு அறிமுகமான இவருக்கு, கேமரா முன்னால் வருவதற்கு முன்பே ஒரு பெரிய வாழ்க்கை இருந்தது. 1947 ஆகஸ்ட் 15 அன்று, இந்தியா சுதந்திர நாடாகிவிட்டது என்ற செய்தியை அகில இந்திய வானொலியில் தமிழில் வாசித்தவர் இவர்தான்.

நாட்டின் மிகப் பெரிய செய்தியைச் சொன்னபோது இவருடைய முகம் யாருக்கும் தெரியாது. முகம் தெரிய ஆரம்பித்த பிறகு, அந்தச் செய்தியைச் சொன்னவர் இவர் என்பது பலருக்குத் தெரியாது. இந்த இரண்டு வாழ்க்கைக்கும் நடுவில் என்ன நடந்தது? விரிவாகப் பார்ப்போம்.

சுருக்கமாக...

* பிறப்பு: 1921 நவம்பர் 15, தென்காசி
* மறைவு: 2008 அக்டோபர் 1, சென்னை
* முதல் அடையாளம்: டெல்லி அகில இந்திய வானொலியின் தமிழ்ச் செய்தி வாசிப்பாளர்
* இரண்டாவது அடையாளம்: 'பூர்ணம் நியூ தியேட்டர்' நாடகக் குழு, சுஜாதாவின் மேடை நாடகங்கள்
* மூன்றாவது அடையாளம்: 'வறுமையின் நிறம் சிவப்பு', 'மூன்றாம் பிறை', 'வருஷம் 16', 'கேளடி கண்மணி', 'மகாநதி', 'ஆசை'

தென்காசி வீட்டில் இத்தனை எழுத்தா?

பூர்ணம் விஸ்வநாதன் பிறந்தபோது தென்காசி, திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 2019-ல்தான். குற்றாலச் சாரல் வந்து விழுகிற ஊர். 'பூர்ணம்' என்பது அவருக்கு மட்டும் வந்த பட்டப்பெயர் இல்லை. சகோதரர்களுக்கும் அதுதான் முன்பெயர்.

அண்ணன் பூர்ணம் ராமச்சந்திரனைச் சொன்னால் தெரியாது. 'உமாசந்திரன்' என்று சொன்னால் வாசிப்பவர்களுக்குத் தெரியும். கல்கி இதழின் வெள்ளிவிழா நாவல் போட்டியில், 1966-ல் முதல் பரிசு வாங்கிய 'முள்ளும் மலரும்' இவர் எழுதியதுதான். ஆமாம், ரஜினியின் காளி கதாபாத்திரம் பிறந்த அதே கதை. உமாசந்திரனும் வானொலியில் வேலை பார்த்தவர். இன்னொரு சகோதரர் பூ. சோமசுந்தரம், மாஸ்கோவில் இருந்தபடி ரஷ்ய இலக்கியத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்த மொழிபெயர்ப்பாளர்.

ஒருவர் நாவல், ஒருவர் மொழிபெயர்ப்பு, ஒருவர் குரல். மூன்று பேருக்கும் மூலதனம் தமிழ்தான். விஸ்வநாதனுக்கு மேடை ஆசை சின்ன வயசிலேயே வந்துவிட்டது. 18 வயதிலேயே நாடகத்தில் நடிக்க ஆரம்பித்துவிட்டார். ஆனால், நாடகம் சோறு போடாது. அந்தத் தலைமுறையில் படித்த பல இளைஞர்களைப் போல அவரும் அரசு வேலையைத் தேடி வடக்கே ரயில் ஏறினார். 1940-களின் நடுப்பகுதியில் டெல்லி வானொலியில் வேலை.

தமிழ்ச் செய்தி ஏன் டெல்லியில் இருந்து?

இந்தக் கேள்வி நியாயமானது. சென்னையில் 1938-லும், திருச்சியில் 1939-லும் அகில இந்திய வானொலி நிலையங்கள் வந்துவிட்டன. பிறகு எதற்கு டெல்லியில் உட்கார்ந்து தமிழில் செய்தி வாசிக்க வேண்டும்?

பதில், கட்டுப்பாடு. 1936-ல் 'அகில இந்திய வானொலி' என்ற பெயர் வந்த சில ஆண்டுகளிலேயே இரண்டாம் உலகப்போர் வெடித்துவிட்டது. போர்க்காலத்தில் எந்த அரசும் செய்தியை ஊர் ஊராகத் தயாரிக்க விடாது. எனவே, செய்தி முழுவதும் தலைநகரில் ஒரே இடத்தில் தயாராகும். ஆங்கிலத்தில் ஒரு பொதுப் பிரதி எழுதப்படும். அதை ஒவ்வொரு மொழிப் பிரிவும் வாங்கி மொழிபெயர்த்து, அங்கிருந்தே வாசிக்கும். சென்னையும் திருச்சியும் அதை அப்படியே வாங்கி ஒலிபரப்பும்.

1943 முதல் இதெல்லாம் நடந்தது, டெல்லி நாடாளுமன்றச் சாலையில் உள்ள ஒலிபரப்பு மாளிகையில். இந்தியாவின் எல்லா மொழிகளும் ஒரே கட்டடத்தின் வெவ்வேறு அறைகளில் பேசிக்கொண்டிருந்தன. அதில் தமிழ் அறைக்குப் போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவர் பூர்ணம் விஸ்வநாதன்.

காற்றில் நடந்த போர்

அன்றைக்கு ரேடியோ வைத்திருந்த ஒரு தமிழருக்கு எத்தனை 'சேனல்' இருந்தன தெரியுமா?

டெல்லியில் இருந்து பிரிட்டிஷ் இந்திய அரசின் செய்தி வரும். லண்டனில் இருந்து பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு வரும். அது 1941 மே மாதம் ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் பிபிசியின் கிழக்குச் சேவையில் வேலை பார்த்த ஒரு எழுத்தாளர், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பெயர்த்து வாசிப்பதற்காக ஆங்கிலத்தில் வாராந்திரச் செய்திமடல்கள் எழுதிக் கொடுத்தார். அவர் பெயர் ஜார்ஜ் ஆர்வெல். '1984' நாவலை எழுதிய அதே ஆர்வெல்தான்.

இன்னொரு பக்கம், சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் வானொலி. அதிலும் தமிழ் உண்டு. மலேயாவிலும் பர்மாவிலும் இருந்த தமிழர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்திருந்த நேரம் அது. இங்கே பல வீடுகளில் அக்கரைக்குப் போனவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. 1942-ல் பம்பாயில் உஷா மேத்தாவும் நண்பர்களும் சில மாதங்கள் நடத்திய ரகசிய 'காங்கிரஸ் ரேடியோ'வும் இந்தப் போட்டியில் இருந்தது.

ஆக, செய்தி என்பது அன்று வெறும் தகவல் இல்லை, கட்சி. எந்த ரேடியோவைத் திருப்புகிறீர்கள் என்பதே நீங்கள் யார் பக்கம் என்று சொல்லிவிடும். அரசு வானொலி என்றால் சுதந்திரப் போராட்டக்காரர்களுக்கு அது வெள்ளைக்காரன் குரல். அங்கே வேலை பார்த்த இந்தியர்கள் நிலைமை தர்மசங்கடம்தான். வாங்குவது அரசாங்கச் சம்பளம். வெளியே ஊர்வலம் போகிறது.

போர் முடிந்ததும் செய்திகளின் வேகம் இன்னும் கூடியது. 1945 நவம்பரில் செங்கோட்டையில் ஐஎன்ஏ அதிகாரிகள் மீதான விசாரணை தொடங்கியது. 1946 பிப்ரவரியில் கடற்படை வீரர்கள் கிளர்ச்சி. அதே ஆண்டு செப்டம்பரில் இடைக்கால அரசு அமைந்து, வானொலித் துறை சர்தார் படேல் கைக்கு வந்தது. 1947 ஜூன் 3 அன்று மவுன்ட்பேட்டன், நேரு, ஜின்னா, பல்தேவ் சிங் நால்வரும் அதே வானொலியில் பேசினார்கள். நாடு பிரியப்போகிறது என்பது மக்களுக்கு ரேடியோ வழியாகத்தான் உறுதியானது.

செய்தி வாசிப்பு என்றால் பார்த்துப் படிப்பதுதானே?

இல்லை. அன்று செய்தி வாசிப்பாளர் என்றால் மொழிபெயர்ப்பாளரும் அவரேதான். கையில் ஆங்கிலப் பிரதி வரும். கடிகாரம் ஓடும். தமிழாக்க வேண்டும், நிமிடக் கணக்குக்குள் அடக்க வேண்டும், பிறகு நேரலையில் வாசிக்க வேண்டும். தப்பு செய்தால் 'எடிட்' பண்ண வழியில்லை. போனது போனதுதான்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலத்தில் 'அரசு அறிவித்தது' என்று முதலிலேயே சொல்லிவிட்டு, என்ன அறிவித்தது என்று பின்னால் நீட்டிக்கொண்டே போகலாம். தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். அறிவித்ததா, மறுத்ததா, ஒத்திவைத்ததா என்பது வாக்கியம் முடியும்போதுதான் கேட்பவருக்குத் தெரியும். அதுவரை மூச்சு கலையக்கூடாது. குரல் எதையும் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கவும் கூடாது. நல்ல செய்தி என்று குரலில் சந்தோஷம் காட்டினாலோ, துக்கச் செய்தி என்று தழுதழுத்தாலோ அது வேலைக்கு ஆகாது. உணர்ச்சி கேட்பவருக்கு வர வேண்டும். வாசிப்பவர் நடுவில் வந்து நிற்கக்கூடாது.

இந்த இடத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருடம் கழித்துத் திரையில் நாம் பார்த்த நடிப்புக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

1947 ஆகஸ்ட் 15: உண்மையில் நடந்தது என்ன?

ஆகஸ்ட் 14 நள்ளிரவு, டெல்லியில் அரசியல் நிர்ணய சபை கூடியது. நேரு பேசினார். அந்த இரவு வானொலிக்குள்ளும் ஒரு பிரிவினை நடந்தது. அதுவரை ஒரே நிறுவனத்தின் கிளைகளாக இருந்த லாகூர், பெஷாவர், டாக்கா நிலையங்கள் பாகிஸ்தானுக்குப் போயின. லாகூர் நிலையத்தில் முஸ்தபா அலி ஹம்தானி உருதுவில் புதிய நாட்டின் பிறப்பை அறிவித்தார். நேற்று வரை ஒரே அலுவலகம். விடிந்தால் இரண்டு நாட்டு வானொலிகள்.

டெல்லியில் ஆகஸ்ட் 15-ன் தமிழ்ச் செய்தியறிக்கையை வாசிக்கும் வாய்ப்பு பூர்ணம் விஸ்வநாதனுக்கு வந்தது. அப்போது அவருக்கு 25 வயது. இன்றைய கணக்கில், ஒரு ஐடி கம்பெனியில் மூன்று நான்கு வருட அனுபவம் உள்ள ஒருவரின் வயசு.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். 'இந்தியாவுக்கே சுதந்திரத்தை அறிவித்தவர்' என்று சில ஃபார்வர்டுகள் இவரைப் பற்றிச் சுற்றுகின்றன. அப்படிச் சொல்வது சரியில்லை. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வாசிப்பாளர் இருந்தார். தமிழில் அந்தச் செய்தியைச் சொன்ன குரல் இவருடையது. அதுவே போதுமான பெருமை. அதற்கு மேல் ஜோடிக்கத் தேவையில்லை.

அந்த அறிக்கையின் உண்மையான கனம் வேறு இடத்தில் இருக்கிறது. அதே கட்டடம். அதே மைக். முந்தைய நாள் வரை அது அரசாங்கத்தின் குரல். பலர் நம்ப மறுத்த குரல். அன்றைக்கு அது மக்களின் குரல் ஆனது. அதற்கு ஒரு கொடி மாற்றம் காரணம் என்று சொல்லலாம். ஆனால், காதால் கேட்பவருக்குக் கொடி தெரியாது. குரல் மட்டும்தான் தெரியும். சுதந்திரம் என்ற சொல்லை அதிகாரபூர்வமாக, நிதானமாக, தன் மொழியில் ஒருவர் சொல்வதைக் கேட்டால்தான் அது உறுதியான செய்தி.

கம்பம் பள்ளத்தாக்கு வரை அந்தக் குரல் வந்ததா?

தேனி மாவட்ட வாசகர்களுக்கு இந்தக் கேள்வி வரும். இன்று கம்பம், சின்னமனூர், போடி பக்கம் ரேடியோ என்றால் 'கோடை பண்பலை'தான். கொடைக்கானல் மலை உச்சியில் கோபுரம் இருப்பதால் பள்ளத்தாக்கு முழுவதும் துல்லியமாகக் கேட்கும். பண்பலை, நேர்க்கோட்டில் பயணிக்கும் அலை. குறுக்கே மலை வந்தால் நின்றுவிடும். கோபுரமே மலை மேல் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது.

1947-ல் இந்த வசதி எதுவும் கிடையாது. மதுரை நிலையமே 1980-களில்தான் வந்தது. அப்போது நம் பக்கத்துக்கு அருகில் இருந்த நிலையம் திருச்சி. மத்திய அலை என்பதால் இரவில் கொஞ்சம் தூரம் கேட்கும், பகலில் மங்கும். இல்லாவிட்டால் சிற்றலை. அது வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வருவதால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். ஆனால், கடல் அலை போல ஏறி இறங்கும். காதை ஒட்டவைத்துக் கேட்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல், பெட்டி. ரேடியோ வைத்துக்கொள்ள அஞ்சலகத்தில் லைசென்ஸ் எடுக்க வேண்டிய காலம் அது. மின்சாரம் எட்டாத ஊரில் பேட்டரி செட் வேண்டும். சுதந்திரத்தின்போது இந்தியாவில் இருந்த நிலவரம் இதுதான்:

* வானொலி நிலையங்கள்: 6 (டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ, திருச்சி)
* ஒலிபரப்பிகள்: 18
* சென்றடைந்த மக்கள்தொகை: 11 சதவீதம்
* சென்றடைந்த நிலப்பரப்பு: 2.5 சதவீதம்

ஆறில் இரண்டு நிலையங்கள் தமிழ்நாட்டில் இருந்தன என்பது நமக்கு அதிர்ஷ்டம். ஆனாலும் பத்தில் ஒன்பது பேருக்கு அந்தக் குரல் நேரடியாகக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. கேட்ட ஒருவர் வெளியே வந்து திண்ணையில் சொல்லியிருப்பார். அங்கிருந்து டீக்கடை, சந்தை, பஸ் ஸ்டாண்டு. வாய் வழியாகத்தான் செய்தி ஊர் சுற்றும். அதனால்தான், முதலில் கேட்பவர் சரியாகக் கேட்க வேண்டும்; வாசிப்பவர் சரியாக வாசிக்க வேண்டும். ஒரு வார்த்தை பிசகினால் ஊர் முழுக்கப் பிசகும்.

பகலில் செய்தி, மாலையில் நாடகம்

டெல்லிக்கு வேலைக்குப் போன தமிழர்கள் கரோல் பாக் போன்ற இடங்களில் ஒரு குட்டித் தமிழ்நாட்டையே உருவாக்கியிருந்தார்கள். 1946-ல் டெல்லி தமிழ்ச் சங்கம் தொடங்கியது. ஸ்டெனோகிராஃபர், கிளார்க், அக்கவுன்டன்ட் எல்லாம் ஆபீஸ் முடிந்து வந்து ஒத்திகை பார்ப்பார்கள். காசுக்காக இல்லை, ஊர் ஞாபகத்துக்காக. அந்த அமெச்சூர் மேடையில் பூர்ணம் விஸ்வநாதன் தொடர்ந்து நடித்தார். மைக் முன்னால் அடக்கி வைத்ததை எல்லாம் மேடையில் கொட்டியிருப்பார் என்று நினைத்தால், அதுதான் இல்லை. அங்கும் அவர் பாணி அடக்கம்தான்.

1960-களின் நடுப்பகுதியில் அவர் சென்னைக்குத் திரும்பினார். மத்திய அரசின் 'திட்டம்' இதழில் பணி. வேலை மாறியது, மேடை மாறவில்லை. அது சென்னை சபா நாடகங்களின் பொற்காலம். கே. பாலசந்தர், சோ, மௌலி, கோமல் சுவாமிநாதன் என்று ஆளுக்கொரு பாணி. வார இறுதி என்றால் நாடகம் பார்ப்பது நடுத்தரக் குடும்பங்களின் வழக்கம். இன்றைய ஓடிடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சுஜாதா ஏன் இவருக்காக எழுதினார்?

இந்தக் கூட்டத்தில் பூர்ணம் விஸ்வநாதனைத் தனியாக நிறுத்தியது, எழுத்தாளர் சுஜாதாவோடு அமைந்த கூட்டணி. 'பூர்ணம் நியூ தியேட்டர்' குழுவுக்காகச் சுஜாதா வரிசையாக நாடகங்கள் எழுதினார். 'கடவுள் வந்திருந்தார்', 'டாக்டர் நரேந்திரனின் வினோத வழக்கு', 'ஊஞ்சல்', 'அடிமைகள்', 'சிங்கமய்யங்கார் பேரன்' எல்லாம் அப்படி வந்தவை.

'கடவுள் வந்திருந்தார்' கதையைக் கேளுங்கள். வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சாதாரண மனிதரைத் தேடி, எதிர்காலத்தில் இருந்து ஒருவன் வருகிறான். அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். வீட்டில் உள்ளவர்கள் பெரியவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள். பிறகு ஊரே அவரைச் சாமியாக்கிவிடுகிறது. சயின்ஸ் ஃபிக்‌ஷன், காமெடி, ரிட்டயர்டு மனிதரின் தனிமை எல்லாம் ஒரே நாடகத்தில்.

இப்படி ஒரு கதையை மேடையில் நம்ப வைப்பது கஷ்டம். கண்ணுக்குத் தெரியாத ஒருவன் வந்திருக்கிறான் என்று நடிகர் கத்திச் சொன்னால் பார்வையாளர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். செய்தி வாசிப்பது போல நிதானமாகச் சொன்னால் நம்புவார்கள். எதைச் சொன்னாலும் உண்மை போலக் கேட்கும் குரல் ஒன்று சுஜாதாவுக்குத் தேவைப்பட்டது. அது பூர்ணத்திடம் இருந்தது. வயதான, கொஞ்சம் பிடிவாதமான, காலம் தன்னைக் கடந்து போய்விட்டதை ஒப்புக்கொள்ள மறுக்கும் நடுத்தர வர்க்க மனிதர். இந்த ஆள் தமிழ் மேடையில் இவ்வளவு முழுமையாக வந்தது இந்தக் கூட்டணியால்தான்.

இருவருடைய மறைவும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது. சுஜாதா 2008 பிப்ரவரி 27. பூர்ணம் விஸ்வநாதன் அதே ஆண்டு அக்டோபர் 1.

சினிமாவில் ஏன் இவர் தனியாகத் தெரிந்தார்?

சினிமாவுக்கு அவர் பெயர் பரவலானபோது வயது அறுபதை நெருங்கிவிட்டது. அதனால் கிடைத்தது எல்லாம் பெரியவர் வேடங்கள். ஆனால், ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்று நம் மனதில் ஒட்டிக்கொள்ளும்.

* 'வறுமையின் நிறம் சிவப்பு' (1980): வேலை தேடி டெல்லிக்குப் போய்ப் பட்டினி கிடக்கும் தமிழ் இளைஞனாகக் கமல். அவருடைய கர்னாடக சங்கீதக்காரத் தந்தையாகப் பூர்ணம். அதே டெல்லிக்கு ஒரு காலத்தில் வேலை தேடிப் போனவர், மகனைத் தேடிப் போகும் தந்தையாக வருகிறார். மகன் முடிதிருத்தும் கடையில் வேலை பார்ப்பதை அவர் கண்டுகொள்ளும் இடத்தை இன்னொரு முறை பாருங்கள்.
* 'தில்லு முல்லு' (1981): ரஜினிக்கு வேலை கிடைக்க வழி சொல்லிக் கொடுக்கும் குடும்ப நலம்விரும்பி.
* 'மூன்றாம் பிறை' (1982): கமல் வேலை பார்க்கும் பள்ளியின் தலைமை ஆசிரியர்.
* 'வருஷம் 16' (1989): கூட்டுக் குடும்பத்தின் தலைவரான தாத்தா. கார்த்திக்கின் கலாட்டாவும் குஷ்புவின் நடிப்பும் பேசப்பட்ட படத்தில், வீட்டின் அச்சாணி இவர்தான்.
* 'புதுப்புது அர்த்தங்கள்' (1989): சௌகார் ஜானகியோடு வயதான தம்பதி.
* 'கேளடி கண்மணி' (1990): ராதிகாவின் தந்தை.

கடைசியாகச் சொன்ன படத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தத் தந்தை காது கேளாதவர், வாய் பேசாதவர். தாயாக நடித்த ஸ்ரீவித்யாவுக்கும் அப்படித்தான் பாத்திரம். ஒரு காலத்தில் குரல் மட்டுமே அடையாளமாக இருந்த மனிதர், இங்கே குரலே இல்லாமல் நடிக்கிறார். மகள் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டால் தங்கள் கதி என்ன என்ற பயம், சுயநலம், பாசம். மூன்றையும் முகமும் கையும் மட்டுமே சொல்ல வேண்டும். ரேடியோவில் முகம் இல்லாமல் குரல். இந்தப் படத்தில் குரல் இல்லாமல் முகம். இரண்டையும் செய்து காட்டிய நடிகர்கள் அதிகம் இல்லை.

அவருடைய நடிப்பில் ஒரு பொதுத்தன்மை தெரியும். அழ வேண்டிய இடத்தில் அழாமல் ஒரு நொடி நிறுத்துவார். அந்த நொடியில் நாம் அழுதுவிடுவோம். 'மகாநதி' சிறைக் காட்சிகளில் எல்லாவற்றையும் இழந்து நிற்கும் கமலுக்கு அவர் ஆறுதல் சொல்லும் விதத்தில் உபதேச வாடையே இருக்காது. செய்தி அறையில் பழகிய பழக்கம் அது. தான் நடுவில் வந்து நிற்காமல், சொல்ல வேண்டியதை மட்டும் சொல்வது.

பண்ணைப்புரத்துக்கும் பூர்ணத்துக்கும் என்ன தொடர்பு?

மேலே சொன்ன படங்களில் 'மூன்றாம் பிறை', 'வருஷம் 16', 'புதுப்புது அர்த்தங்கள்', 'கேளடி கண்மணி', 'மகாநதி' எல்லாவற்றுக்கும் ஒரு பொது அம்சம் உண்டு. இசை, தேனி மாவட்டம் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா. பூர்ணத்தின் குரல் நிற்கும் இடத்தில் ராஜாவின் வயலின் ஆரம்பிப்பது தற்செயல் இல்லை. மௌனத்துக்கு இடம் கொடுக்கத் தெரிந்த நடிகர் கிடைத்தால்தான் பின்னணி இசைக்கும் வேலை இருக்கும்.

அண்ணன் உமாசந்திரனின் நாவலைப் படமாக்கிய மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' படத்துக்கும் இசை இளையராஜாதான். அந்தப் படம் வெளியான தேதி 1978 ஆகஸ்ட் 15. தம்பி சுதந்திரச் செய்தியை வாசித்த அதே தேதியில், 31 ஆண்டுகள் கழித்து.

சரி, இன்று ஏன் இவரைப் பற்றிப் பேச வேண்டும்?

அன்றைய செய்தியறிக்கைகள் நேரலையில் வாசிக்கப்பட்டு, காற்றில் கலந்து போனவை. பின்னாளில் சரோஜ் நாராயணசுவாமி போன்றவர்களின் குரல் வீட்டுக்கு வீடு பழகியதற்குக் காரணம், அதற்குள் ரேடியோ வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. முதல் தலைமுறை வாசிப்பாளர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நாட்டின் பத்தில் ஒரு பங்கு மக்களுக்கு மட்டுமே எட்டிய காலத்தில் அவர்கள் பேசினார்கள்.

இன்று நிலைமை தலைகீழ். செய்தி எல்லோருக்கும் எட்டுகிறது. எதை நம்புவது என்றுதான் தெரியவில்லை. ஏஐ கருவியில் யாருடைய குரலையும் சில நிமிடங்களில் நகல் எடுக்கலாம். சத்தமாகச் சொன்னால் செய்தி, சண்டை போட்டால் விவாதம் என்றாகிவிட்டது. போர்க்காலத்தில், யாரும் முழுசாக நம்பாத ஒரு அரசு வானொலியில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்கள், அந்த மைக்கின் மீது மக்களுக்கு நம்பிக்கை வரும்படி செய்தார்கள். அதற்கு அவர்களிடம் இருந்த கருவிகள் மூன்றுதான்: சரியான சொல், தெளிவான உச்சரிப்பு, அலட்டிக்கொள்ளாத தொனி.

பூர்ணம் விஸ்வநாதன் அந்த மூன்றையும் வானொலியில் இருந்து மேடைக்கும், மேடையில் இருந்து திரைக்கும் எடுத்துக்கொண்டு போனார். வேலை மாறினாலும் குணம் மாறவில்லை. கதாநாயகன் ஆகவில்லை, பஞ்ச் டயலாக் பேசவில்லை. ஆனாலும் அவர் ஒரு காட்சியில் வந்து ஏதாவது சொன்னால், அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நமக்குத் தோன்றும்.

அடுத்த முறை டிவியில் 'மகாநதி'யோ 'கேளடி கண்மணி'யோ ஓடினால், போனைக் கொஞ்ச நேரம் கீழே வையுங்கள். முதல் படத்தில் கண்ணை மூடிக்கொண்டு அவர் பேசுவதை மட்டும் கேளுங்கள். 1947-ல் சில லட்சம் பேர் கேட்ட குரல் அதுதான். இரண்டாவது படத்தில் சத்தத்தைக் குறைத்துவிட்டு முகத்தை மட்டும் பாருங்கள். அன்று ஒருவருக்கும் தெரியாமல் இருந்த முகம் அது.